பாலிமர் கரைசலில் நானோதுகள்: எந்தப் பாகுநிலையைக் கணக்கில் கொள்வது?

கேள்வி:
பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சுடன் சேர்த்து 20 நானோமீட்டர் விட்டமுள்ள தங்கத் துகள்களை, பத்து லட்சம் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் ஆக்சைடின் 1 சதவீத நீர்க்கரைசலில் இட்டு, டி.எல்.எஸ். கருவியில் (துகள்கள் சிதறடிக்கும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு அவற்றின் அளவை அறிவது) அளக்கிறேன். வெறும் நீரில் விட்டம் சரியாகவே வருகிறது. ஆனால் விஸ்காமீட்டர் தந்த பாகுநிலையை, அதாவது ஓட்டத்துக்குக் கரைசல் காட்டும் எதிர்ப்பை (நீரினுடையதைப் போல் சுமார் 40 மடங்கு) மென்பொருளில் உள்ளிட்டால், விட்டம் 2 நானோமீட்டர் என்கிறது. தங்கம் சிறுத்துவிட வழியில்லை. துகள் தானாகப் பரவும் (விரவல்) வேகத்தையும் பாகுநிலையையும் கொண்டு அதன் அளவைத் தரும் ஸ்டோக்ஸ்–ஐன்ஸ்டீன் சமன்பாடு இங்கே பொருந்தாதா?

பதில் 1:
அந்தச் சமன்பாடு, துகளைச் சூழ்ந்திருப்பதைத் தொடர்ச்சியான ஊடகமாகக் கொள்கிறது. நீர் மூலக்கூறுகளுக்கு அது பொருந்தும். உங்கள் பாலிமருக்குப் பொருந்தாது. இந்த எடையுள்ள சங்கிலியின் சுழல் ஆரம் (சுருண்டு கிடக்கும் சங்கிலியின் பருமனைக் காட்டுவது) நீரில் ஏறத்தாழ 68 நானோமீட்டர் என்பதால், 0.13 சதவீத அளவிலேயே சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று படியத் தொடங்கிவிடும். நல்ல கரைப்பானில் வலைக்கண் அளவு (பின்னிய சங்கிலிகளுக்கு இடையிலான இடைவெளி) செறிவின் முக்கால் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்ற, பாலிமர் இயற்பியலாளர் தெ ஜென்னின் விதிப்படி, 1 சதவீதத்தில் அது சுமார் 15 நானோமீட்டர். விஸ்காமீட்டர் முழுச் சங்கிலிகளின் பின்னல் அவிழும் வேகத்தை அளக்கிறது. 20 நானோமீட்டர் துகள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் எண்களின்படி விரவல் கெழு (துகள் பரவும் வேகத்தின் அளவு) 40 மடங்கு அல்ல, 4 மடங்கே குறைந்திருக்கிறது. காய், பன்யுகோவ், ரூபின்ஸ்டீன் ஆகியோர் 2011இல் முன்வைத்த கோட்பாட்டில், வலைக்கண்ணைவிடப் பெரிதாகவும் பின்னல் குழாயின் (சுற்றியுள்ள சங்கிலிகள் ஒரு சங்கிலியை அடைத்துவைக்கும் கற்பனைக் குழாய்) விட்டத்தைவிடச் சிறிதாகவும் உள்ள துகள் உணரும் பாகுநிலை, கரைப்பானினுடையதைப் போல் (துகள் விட்டம்/வலைக்கண்)² மடங்காக உயரும். அதன்படி இங்கே கிடைப்பது ஏறத்தாழ 2; இத்தகைய விதிகள் முன்கெழுவை (முன்னே பெருக்க வேண்டிய எண்ணை) சொல்வதில்லையாதலால், 4 எனக்கு வியப்பளிக்கவில்லை.

பதில் 2:
விளக்கத்துக்கு முன் அளவீட்டைச் சரிபார்ப்பது நல்லது. தங்கம் ஒளியை வலுவாகச் சிதறடித்தாலும், பாலிமரும் தன் பங்குக்குச் சிதறடிக்கும். கருவி இரண்டையும் ஒரே சராசரியாகக் கலந்துவிடக்கூடும். துகள் இல்லாத கரைசலின் தொடர்புச் சார்பை (சிதறிய ஒளியின் ஏற்ற இறக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கருவி காட்டும் வளைகோட்டை) முதலில் எடுத்துப் பாருங்கள். பூச்சு முழுமையாக இல்லாவிட்டால் சங்கிலிகள் தங்கத்தின்மேல் ஒட்டிக்கொண்டு, விரவல் வேறொரு காரணத்தால் குறையும்.

பதில் 3:
முதல் பதிலோடு உடன்படுகிறேன், ஒரு திருத்தத்துடன். வலைக்கண்ணைவிடச் சற்றே பெரிய துகளுக்கு இடைப்பட்ட குறுகிய காலத்தில் இயல்பான விரவல் இருக்காது. சராசரி இருபடி இடப்பெயர்ச்சி (துகள் நகர்ந்த தூரத்தின் இருபடிகளின் சராசரி) நேரத்தைவிட மெதுவாகவே வளரும். துகளின் பருமனளவு உள்ள சங்கிலித் துண்டு தளர்ந்த பிறகு கிடைக்கும் மதிப்பையே விரவல் கெழுவாகக் கொள்ள வேண்டும்.

ஐயத்தைத் தீர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. செறிவை மாற்றாமல், நாற்பது லட்சம் எடையுள்ள பாலிமரைப் பயன்படுத்துங்கள். வலைக்கண் அளவு செறிவை மட்டுமே பொறுத்தது என்பதால் அது மாறாது; மொத்தப் பாகுநிலையோ பன்மடங்கு ஏறும். விரவல் கெழு ஏறக்குறைய அப்படியே நின்றால் வலைக்கண் விளக்கம் சரி. அதே கரைசலில், ஒட்டாத பூச்சுள்ள 500 நானோமீட்டர் துகள்களையும் அளந்தால், அவை விஸ்காமீட்டரின் மதிப்பை நெருங்க வேண்டும்.