இருட்டுவதற்குள் கூடாரம் போட எப்போது நடையை நிறுத்துவீர்கள்?

தூறல்:
போன மாதம் நானும் தங்கையும் முதல் முறையாக மலையில் ஓரிரவு தங்கினோம். ஆறரைக்கு அஸ்தமனம் என்று பார்த்து வைத்திருந்தேன். ஐந்தரைக்கு இடத்துக்குப் போய்விட்டோம். ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று ஓடையில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். ஆறு மணிக்கே மேற்கிலிருந்த மலை வெயிலை மறைத்துவிட்டது. மரத்தடி அப்போதே மசங்கிவிட்டது. தங்கை டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கூடாரத்தின் கம்பியைக் கோத்தாள். கூடாரத்தை இழுத்துக் கட்டத் தரையில் அடிக்கும் முளைகளில் இரண்டு புல்லில் விழுந்து கிடைக்கவே இல்லை. படுத்த பிறகுதான் தலைப்பக்கம் பள்ளம் என்று தெரிந்தது. விடியும்வரை அவள் தூங்கவில்லை. அடுத்த முறை அவளை அப்படிப் படுக்க வைக்கக் கூடாது. என்ன செய்யலாம்?

ஒற்றையடிப்பாதை:
கடிகாரத்தை விட்டுவிட்டு மலை விளிம்பைப் பாருங்கள். கையை நேராக நீட்டி, விரல்களைப் படுக்கைவாட்டில் சேர்த்து, சூரியனுக்குக் கீழே பிடியுங்கள். சூரியனை உற்றுப் பார்க்க வேண்டாம். விளிம்புவரை எத்தனை விரல் அடங்குகிறதோ, ஒரு விரலுக்குச் சுமார் 15 நிமிடம். எட்டு விரல் மிச்சமிருக்கும்போதே நான் நடையை நிறுத்திவிடுவேன்.

அப்புறம், கூடாரத்தைப் போடுவதற்கு முன் அதன் அடியில் போடும் தரைவிரிப்பை மட்டும் விரித்து அதில் படுத்துப் பாருங்கள். இதை நான் ஒருபோதும் விடுவதில்லை. நின்றுகொண்டு பார்த்தால் சமதளமாகத் தெரியும் இடம், முதுகு பட்டதும் சரிவு என்று சொல்லிவிடும். வேரும் கல்லும் அப்போதே குத்தும். கொஞ்சம் சரிவு இருந்தே தீரும் என்றால் தலை மேட்டுப்பக்கம் இருக்கட்டும். படுத்தபடியே மேலேயும் பாருங்கள்: பட்டுப்போன கிளை தொங்கினால் வேறு இடம். வறண்ட ஓடைத்தடம் வேண்டவே வேண்டாம், மேலே எங்கோ மழை பெய்தாலும் தண்ணீர் அங்கேதான் வரும்.

முளைகளை எண்ணி ஒரே பையில் வையுங்கள். கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விரிப்பை உள்ளே மடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மழைநீரைப் பிடித்து அடியில் சேர்த்துவிடும்.

நிலாக்கீற்று:
எட்டு விரல் எல்லோருக்கும் தேவையில்லை என்பது என் அனுபவம். வீட்டு மாடியில் இரண்டு மூன்று தடவை போட்டுப் பழகிய கூடாரம் பதினைந்து நிமிடத்தில் எழும்பிவிடும். ஆனால் ஊரைப் பொறுத்து அந்தி மாறும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக இறங்குவதால் சட்டென்று இருட்டும். துருவத்தை நெருங்க நெருங்கச் சாய்வாக இறங்கும், வெளிச்சம் நீண்ட நேரம் நிற்கும்.

தூறல்:
படுத்துப் பார்ப்பது தோன்றவே இல்லை, மிக்க நன்றி. கூடாரம் நின்ற பிறகு எது முதலில்? தண்ணீரா, படுக்கையா?

ஒற்றையடிப்பாதை:
தண்ணீர். இருட்டில் ஓடைக்கல் வழுக்கும். ஒருவர் தண்ணீருக்குப் போகும்போது இன்னொருவர் ஸ்லீப்பிங் பேக்கை உதறி விரித்துவிடலாம். அமுங்கிக் கிடந்தது உப்ப நேரம் எடுக்கும், உப்பினால்தான் சூடு நிற்கும். இரவில் ஒதுங்கப் போகும் இடத்தையும் வெளிச்சத்திலேயே இருவரும் நடந்து பார்த்துவிடுங்கள். டார்ச்சுக்குப் பதில் தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கொன்று வாங்குங்கள். தங்கைக்கு இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும்.