விபிஎன் தூக்கின அப்புறம் ப்ரவுசர்ல மட்டும் நெட் வரல, ப்ராக்ஸிய ஆஃப் பண்ணாலும் திரும்ப தானா ஆன் ஆகுது

தூக்கம்_கெட்டவன்:
விண்டோஸ் 11 லேப்டாப். ஒரு ஃப்ரீ விபிஎன் போட்டு கொஞ்ச நாள் ஓட்டிட்டு, ரொம்ப ஸ்லோவா இருக்குன்னு அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன். அதுல இருந்து க்ரோம், எட்ஜ் ரெண்டுலயும் எந்த சைட் போனாலும் "நோ இன்டர்நெட், தேர் இஸ் சம்திங் ராங் வித் த ப்ராக்ஸி சர்வர்"னு வருது, கீழ எர்ர் ப்ராக்ஸி கனெக்ஷன் ஃபெயில்ட்னு சின்னதா ஒரு வரி. ஃபயர்ஃபாக்ஸ்ல "ப்ராக்ஸி சர்வர் இஸ் ரெஃப்யூசிங் கனெக்ஷன்ஸ்". ஆனா பிங் அடிச்சா பதில் வருது, கேம் ஓடுது, அதே வைஃபைல போன்ல எல்லாம் பறக்குது.

ரௌட்டர் ரீஸ்டார்ட் பண்ணியாச்சு, கேஷ் க்ளியர் பண்ணியாச்சு, க்ரோமை எடுத்துட்டு திரும்ப போட்டாச்சு, எங்கயோ படிச்சு நெட்ஷ் வின்ஹெச்டிடிபி ரீசெட் ப்ராக்ஸி கமாண்டும் ஓட்டியாச்சு. செட்டிங்ஸ்ல போய் ப்ராக்ஸி ஆஃப் பண்ணா உடனே சரியாகுது, ஆனா லேப்டாப்ப ரீஸ்டார்ட் பண்ணா மறுபடியும் ஆன் ஆகி நிக்குது. யாருங்க இத ஆன் பண்றது?

ஒயர்_பின்னல்:
க்ரோமை எத்தனை தடவை எடுத்துப் போட்டாலும் இது போகாது நண்பா. ப்ராக்ஸின்னா ப்ரவுசருக்கும் நெட்டுக்கும் நடுவுல நின்னு ட்ராஃபிக்க கை மாத்தி விடுற ப்ரோக்ராம். விண்டோஸ்ல க்ரோமுக்கும் எட்ஜுக்கும் சொந்தமா ப்ராக்ஸி செட்டிங் கிடையாது, சிஸ்டம்ல என்ன இருக்கோ அதத்தான் ரெண்டும் எடுத்துக்கும், க்ரோம் செட்டிங்ஸ்ல அந்த ஆப்ஷன க்ளிக் பண்ணா விண்டோஸ் பக்கத்துக்குத்தான் கூட்டிட்டுப் போகும், பாத்திருப்பீங்க. பிங் வேலை செய்யுறதும் இதனாலதான், எதிர்முனை பதில் சொல்லுதான்னு பாக்குற அந்த சின்ன டெஸ்ட் ப்ராக்ஸி பக்கமே போகாது, நேரா வெளிய போயிடும். அதனால உங்க லைன், ரௌட்டர், டிஎன்எஸ் (சைட் பேர ஐபி அட்ரஸா மாத்துறது) எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அத விட்டுடுங்க.

நீங்க ஓட்டுன அந்த வின்ஹெச்டிடிபி கமாண்ட் வேற ஒரு செட்டிங்க அழிக்குது. அது விண்டோஸோட சர்வீஸ்கள் பயன்படுத்துற ப்ராக்ஸி. ப்ரவுசர் பாக்குறது ஒவ்வொரு யூசருக்கும் தனியா இருக்குற ப்ராக்ஸி. பாதி யூட்யூப் வீடியோல இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுதான் சொல்லித் தர்றாங்க.

செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ப்ராக்ஸி போயி மேனுவல் ப்ராக்ஸில எடிட் க்ளிக் பண்ணி அங்க அட்ரஸும் போர்ட்டும் என்ன இருக்குன்னு சொல்லுங்க. மேல "யூஸ் செட்டப் ஸ்க்ரிப்ட்" ஆன்ல இருக்கான்னும் பாருங்க.

தூக்கம்_கெட்டவன்:
ஸ்க்ரிப்ட் ஆஃப்ல இருக்கு. அட்ரஸ் 127.0.0.1, போர்ட் 8080.

எலிப்பொறி:
எதுக்கு இவ்ளோ, நெட்வொர்க் ரீசெட் குடுத்து ரீஸ்டார்ட் பண்ணுங்க, முடிஞ்சது 👍

ஒயர்_பின்னல்:
@எலிப்பொறி அது வைஃபை பாஸ்வேர்ட், மத்த விபிஎன் அடாப்டர் எல்லாத்தையும் சேத்து அள்ளிட்டுப் போயிடும், அதுக்கப்புறமும் ஏதோ ஒரு ப்ரோக்ராம் உக்காந்து ப்ராக்ஸிய திரும்ப எழுதிட்டே இருந்தா என்ன பிரயோஜனம்? மொதல்ல எழுதுறவன பிடிக்கணும்.

@தூக்கம்_கெட்டவன் 127.0.0.1ன்னா உங்க மெஷினேதான். அந்த விபிஎன் ஆப் உங்க லேப்டாப்லயே குட்டியா ஒரு ப்ராக்ஸி ஓட்டிட்டு இருந்திருக்கு, ப்ரவுசர் எல்லாத்தையும் 8080ல அதுகிட்ட குடுக்கும், அது வெளிய அனுப்பும். இப்ப ஆப் போயிடுச்சு, விலாசம் மட்டும் இருக்கு. காலி பண்ணிட்டுப் போனவன் வீட்டுக் கதவ தட்டுற மாதிரிதான், உள்ள ஆள் இல்ல.

இப்ப ப்ராக்ஸி ஆன்ல இருக்கும்போதே கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ அடிங்க. 8080ன்னு முடியுற வரில லிசனிங்னு இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா நல்லது, நான் சொன்னபடி வெறும் விலாசம்தான். இருந்துச்சுன்னா அந்த வரியோட கடைசில பிஐடி நம்பர் (ஓடுற ப்ரோக்ராமோட அடையாள எண்) இருக்கும், அத டாஸ்க் மேனேஜர்ல டீடெய்ல்ஸ் டேப்ல தேடினா எந்த ப்ரோக்ராம்னு தெரிஞ்சிடும். நீங்க போடாத ஒரு ப்ரோக்ராம் அங்க உக்காந்திருந்தா சும்மா விடாதீங்க, உங்க ப்ரவுசர் ட்ராஃபிக் மொத்தமும் அது வழியா போகுது, கூடவே சொந்தமா ஒரு ரூட் சர்டிஃபிகேட்டும் (எந்த சைட்ட நம்பலாம்னு ப்ரவுசர் முடிவு பண்ற மூலச் சான்று) போட்டு வச்சிருந்தா ஹெச்டிடிபிஎஸ் சைட்ல அடிக்கிற பாஸ்வேர்டக் கூட படிக்க முடியும். ஒழுங்கா ஒரு ஸ்கேன் போட்டுட்டு மத்தத பாருங்க.

நிழல்_வாசி:
ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம்தான் ஆன் ஆகுதுன்னா டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்டப் லிஸ்ட், அதுல இல்லேன்னா டாஸ்க் ஷெட்யூலர், அதுலயும் இல்லேன்னா சர்வீசஸ். என் அனுபவத்துல முக்காவாசி ஷெட்யூலர்லதான் மாட்டும், அன்இன்ஸ்டாலர் அத தொடாம போயிடும். ட்ரிகர்னு இருக்குற இடத்துல "அட் லாக் ஆன்"னு இருக்குறத ஒவ்வொண்ணா பாருங்க, ஆக்ஷன்ஸ் டேப்ல எந்த ஃபைல ஓட்டுதுன்னு இருக்கும், அது ஆப்டேட்டா ஃபோல்டர்க்குள்ள இருந்தா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க. மைக்ரோசாஃப்ட் ஃபோல்டர்ல இருக்குறத கண்டபடி டிசேபிள் பண்ணிடாதீங்க.

விண்டோஸ் தன்னோட செட்டிங்ஸ சேத்து வைக்கிற ரெஜிஸ்ட்ரில ப்ராக்ஸி எனேபிள்னு ஒரு வேல்யூ இருக்கு, 1ன்னா ஆன், 0ன்னா ஆஃப். நிறைய பேர் அத 0 ஆக்கிட்டு சரியாச்சும்பாங்க. செட்டிங்ஸ்ல நீங்க ஆஃப் பண்றதும் அதே வேலையத்தான் செய்யுது, அதனால அதுல புதுசா ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணு, இது ஆஃபீஸ் லேப்டாப்பா இருந்தா கைய வைக்காதீங்க. க்ரோம் மெனுல கீழ "மேனேஜ்ட் பை யுவர் ஆர்கனைசேஷன்"னு இருந்தா ப்ராக்ஸிய அவங்க பாலிசில போட்டிருக்க வாய்ப்பு இருக்கு, ஐடி டீம்கிட்ட கேளுங்க.

கடைசி_பெஞ்ச்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், எனக்கும் விபிஎன்தான், ஆனா வேற மாதிரி. விபிஎன் டிஸ்கனெக்ட் பண்ணா ப்ரவுசர் மட்டும் இல்ல, எதுவுமே போகல, பிங்கும் போகல. ப்ராக்ஸி பேஜ்ல எல்லாம் ஆஃப்லதான் இருக்கு.

ஒயர்_பின்னல்:
@கடைசி_பெஞ்ச் பிங்கே போகலேன்னா ப்ராக்ஸி கேஸ் இல்ல. விபிஎன் ஆப்ல கில் ஸ்விட்ச் ஆன்ல இருக்கும் பாருங்க, விபிஎன் இல்லாம ஒரு பாக்கெட் கூட வெளிய போகக்கூடாதுன்னு ஃபயர்வால் லெவல்ல அடைச்சு வச்சிருக்கும், அதோட வேலையே அதுதான். ஆப்புக்குள்ள போய் அத ஆஃப் பண்ணிட்டு அப்புறம் வெளிய வாங்க. ஆப்ப ஏற்கனவே எடுத்துட்டவங்களுக்கு, அதே ஆப்ப திரும்ப போட்டு கில் ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு எடுக்குறதுதான் இருக்குறதுல சுலபமான வழி.

பிங் 1.1.1.1 போகுது ஆனா சைட் பேர் போட்டா போகலேன்னா அது டிஎன்எஸ். விபிஎன் தன்னோட டிஎன்எஸ் அட்ரஸ வைஃபை அடாப்டர்ல எழுதிட்டு அழிக்காம போயிருக்கும், அத ஆட்டோமேட்டிக்னு மாத்திடுங்க.

தூக்கம்_கெட்டவன்:
மாட்டிடுச்சு! 8080ல யாரும் லிசனிங் இல்ல. ஆனா ஷெட்யூலர்ல அப்டேட் ஹெல்பர்ங்கற மாதிரி ஒரு பேர்ல ஒரு டாஸ்க், அட் லாக் ஆன், ஆக்ஷன் பாத்தா அந்த விபிஎன்னோட ஃபோல்டர், ஆப்டேட்டாக்குள்ள. கன்ட்ரோல் பேனல்ல பேரே இல்லாம போன ஆப்புக்கு டெய்லி லாகின்ல வேலை பாக்க ஆள் வச்சிருக்கானுங்க. டாஸ்க்க டிசேபிள் பண்ணி, ஃபோல்டரயும் அழிச்சு, ப்ராக்ஸிய ஆஃப் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணேன், ஆஃப்லயே இருக்கு. ஸ்கேன்லயும் வேற ஒண்ணும் வரல.

ஆனா ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் இன்னும் அதே ரெஃப்யூசிங் பாட்டு பாடுது. டெர்மினல்ல கிட் புல் (சர்வர்ல இருக்குற கோட இறக்குற கமாண்ட்) போட்டாலும் 127.0.0.1 கனெக்ட் ஆகலன்னுதான் திட்டுது.

நிழல்_வாசி:
ஃபயர்ஃபாக்ஸ் தனி ராஜ்யம், அதுக்குன்னு சொந்த ப்ராக்ஸி செட்டிங் இருக்கு. செட்டிங்ஸ், ஜெனரல்ல கடைசி வரைக்கும் கீழ போனா நெட்வொர்க் செட்டிங்ஸ் வரும், அதுல மேனுவல்னு இருக்கும், "யூஸ் சிஸ்டம் ப்ராக்ஸி செட்டிங்ஸ்"க்கு மாத்துங்க. மாத்த விடாம ஒரு எக்ஸ்டென்ஷன் கன்ட்ரோல் பண்ணுதுன்னு காட்டுச்சுன்னா அந்த எக்ஸ்டென்ஷன தூக்குங்க.

கிட் விண்டோஸ் செட்டிங்கயே பாக்காது. என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்ல (ப்ரோக்ராம்கள் படிக்கிறதுக்குன்னு விண்டோஸ் வச்சிருக்குற வேல்யூ லிஸ்ட்) ஹெச்டிடிபி ப்ராக்ஸி, ஹெச்டிடிபிஎஸ் ப்ராக்ஸின்னு ரெண்டு இருக்கான்னு பாருங்க, யூசர் லிஸ்ட், சிஸ்டம் லிஸ்ட் ரெண்டுலயும். இருந்தா அழிச்சிட்டு டெர்மினல மூடி புதுசா திறங்க, பழைய விண்டோல பழைய வேல்யூவேதான் இருக்கும். அங்க இல்லேன்னா கிட் கான்ஃபிக்ல க்ளோபலா ப்ராக்ஸின்னு ஒரு வரி இருக்கும், அத அன்செட் பண்ணுங்க.

தூக்கம்_கெட்டவன்:
வேரியபிள்ஸ்லதான் இருந்துச்சு, யூசர் லிஸ்ட்ல ரெண்டும். அழிச்சாச்சு, புல் ஓடுது. ஃபயர்ஃபாக்ஸும் வந்துடுச்சு. நன்றிங்க ரெண்டு பேருக்கும்.

கடைசி_பெஞ்ச்:
எனக்கு கில் ஸ்விட்ச்தான். ஆனா அத ஆஃப் பண்ண அப்புறம் விபிஎன் கனெக்ட்ல இருக்கும்போது சில சைட் மட்டும் பாதில சுத்திட்டே நிக்குது, இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கா?

ஒயர்_பின்னல்:
சம்பந்தம் இல்ல, அது பெரும்பாலும் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட் எவ்ளோ பெருசா இருக்கலாம்ங்கற அளவு. விபிஎன் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மேல தன்னோட உறைய சுத்துறதால 1500 பைட் அப்படியே உள்ள போகாது. வயர்கார்டுங்கற விபிஎன் ப்ரோட்டோகால்னா வழக்கமா 1420 இருக்கும், அத 1280க்கு எறக்கிப் பாருங்க, சைட் வந்துச்சுன்னா அதுதான் காரணம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கலாம். வரலேன்னா எந்த ஆப், எந்த ப்ரோட்டோகால்னு போட்டு தனியா ஒரு கேள்வி ஆரம்பிங்க.