பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம்: பூங்காவிலோ மணலிலோ மனதைவிட்டுப் போகாத ஒரு சந்திப்பு

ஏழாவது அவென்யூ

யாராவது ஆரம்பிப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் எழுதவில்லை, நானே ஆரம்பிக்கிறேன்.

நம் பக்கத்துப் பூங்காக்கள் எப்போது திறக்கும், எப்போது பூட்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்லும் பூங்காவும் அப்படித்தான். காலை நடை முடிந்ததும் பூட்டு, சாயங்காலம்தான் திறப்பு. மேற்குச் சுவரை ஒட்டி உள்ளே ஒரு பாதாம் மரம். காலையில் அதன் நிழல் சுவரைத் தாண்டி நடைபாதையில் விழும். கத்திரி வெயில் சமயம். மீன் விற்று முடித்த ஒரு அம்மா அந்த நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் காலி அன்னக்கூடை. நான் எதிரே பஞ்சர் கடையில் வண்டியை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தேன். வெயில் ஏற ஏற நிழல் சுவர்ப்பக்கம் ஒதுங்கியது. அவரும் ஒதுங்கினார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். கடைசியில் முதுகு சுவரில் ஒட்டிவிட்டது. அப்புறம் நிழல் சுவரைத் தாண்டி உள்ளே போய்விட்டது.

எழுந்து கம்பி வழியே உள்ளே பார்த்தார். அதே மரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு, முழு நிழலில், காலியாக.

காவலாளியிடம் போய்க் கேட்டேன். "நாலு மணிக்குத்தான் சார், என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் சம்பளத்துக்கு நிற்பவர். அந்த அம்மா "விடு தம்பி" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வெயிலில் நடந்துவிட்டார். வெயில் உச்சிக்கு வரும் நேரம் பார்த்து நிழலைப் பூட்டிவைக்கும் இந்த ஏற்பாடு எனக்குப் புரியவே இல்லை. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

வால்மீகி நகர் அக்கா

என்னுடையது மணலில் நடந்தது.

கடற்கரையைச் சுத்தம் செய்ய ஒரு கூட்டம் வந்திருந்தது. எல்லோரும் ஒரே நிறச் சட்டை, கையுறை, பெரிய கறுப்புப் பைகள். கல்லூரிப் பிள்ளைகள்தான் நிறைய, நல்ல மனதோடு வந்தவர்கள். பிளாஸ்டிக் பொறுக்கியவர்கள் கொஞ்ச நேரத்தில் அடும்புக்கொடியையும் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள். மணலில் படர்ந்து ஊதாப் பூ பூக்குமே, ஆட்டுக்கால் குளம்பு மாதிரி இலை, அதுதான். குப்பை மாட்டிக்கொள்கிறதாம், களையாம்.

படகுப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். சத்தம் போடவில்லை. பையிலிருந்து ஒரு கொடியை நீளமாக உருவி எடுத்து, பிடுங்கிய குழியிலேயே வைத்து, காலால் மணலைத் தள்ளி மூடினார். அடுத்த கொடி. அதற்கடுத்தது. ஒரு பெண் "தாத்தா, இது என்ன செடி?" என்று கேட்டாள். "இது இல்லன்னா மணல் நிக்காதும்மா" என்றார். அவ்வளவுதான் பேசினார். அந்தப் பெண் கையுறையைக் கழற்றிவிட்டு அவரோடு உட்கார்ந்து கொடிகளைப் புதைத்தாள். மற்றவர்கள் குழுப் படம் எடுக்கப் போய்விட்டார்கள்.

அடும்பும் ராவணன் மீசைப் புல்லும் இருக்கும் இடத்தில் மணல் மேடாக நிற்பதை, இல்லாத இடத்தில் காற்று அள்ளிக்கொண்டு வந்து ரோட்டில் கொட்டுவதை நாம் தினமும்தான் பார்க்கிறோம். அந்தப் பெரியவர் நட்டதில் எத்தனை பிழைத்தது என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்திரா நகர் ஓய்வூதியர்

முதல் பதிவு எழுதிய தம்பிக்கு. உங்கள் வருத்தம் நியாயம். ஆனால் பூட்டைக் குறை சொல்வதற்கு முன் அது ஏன் வந்தது என்று கேட்டிருக்கலாம்.

என் அனுபவம் இதுதான். எங்கள் பூங்காவுக்கு முன்பெல்லாம் பூட்டு கிடையாது. ஒரு சாயங்காலம் சறுக்கு மரத்திலிருந்து இறங்கிய குழந்தை கண்ணாடிச் சில்லின்மேல் கால் வைத்துவிட்டது. மதியம் யாரோ குடித்துவிட்டு உடைத்த பாட்டில். அந்தக் குழந்தையை நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் வேட்டியெல்லாம் ரத்தம். அதன் பாட்டி பின்னாலேயே செருப்பில்லாமல் ஓடிவந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்கப்புறம்தான் நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் பூட்டு கேட்டோம்.

பகலில் திறந்து வைக்க வேண்டும் என்பவர்கள் முதலில் இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். பகல் முழுக்க யார் கண்காணிப்பது? ஒரே காவலாளி காலை ஐந்து மணிக்கு வந்து இரவு வரை இருக்க முடியுமா? கழிப்பறையை எத்தனை தடவை கழுவுவது? எங்கள் சங்கத்தில் பூங்காவுக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். விளக்கு எரியவில்லையா, குழாய் சொட்டுகிறதா, தேதி போட்டு எழுதி, மாநகராட்சிப் புகார் எண்ணான 1913க்கு அழைத்துப் புகார் எண்ணையும் பக்கத்திலேயே குறித்துவைப்போம். எண் இல்லாமல் வாயால் சொன்ன புகார் எதுவும் நகராது. நீங்களும் உங்கள் தெருவில் இப்படி ஒரு நோட்டைத் தொடங்குங்கள். இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும், ஒருவர் ஊருக்குப் போனால் இன்னொருவர். மாதம் ஒருமுறை எல்லோர் முன்னிலும் அதைப் படிக்க வேண்டும். படித்தால்தான் ஆட்கள் வருவார்கள்.

ஊரூர்ப் பையன்

ஓய்வூதியர் சார், மரியாதையோடுதான் சொல்கிறேன். பாட்டில் உடைத்தவன் ஒருத்தன், வெயிலில் நடந்தது இன்னொருத்தர். மீன் விற்கும் அம்மாக்கள் எங்கள் குப்பத்து ஆட்கள்தான். விடியற்காலையிலேயே ஏலத்துக்குப் போய் நின்று, தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு உட்கார ஒரு நிழல் தேடுகிறவர்கள். அந்தப் பூட்டு அவர்களை நினைத்துப் போட்டதில்லை என்றாலும் அவர்கள்மேல்தான் விழுகிறது.

நான் சொல்ல வந்தது வேறு. எங்களுக்குப் பூங்கா என்றால் பூவரச மரத்தடியும் வலை காயும் மணலும்தான். என் தாத்தா அங்கேதான் வலை பொத்துவார். ஒரு காலை, நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் "இப்படிப் பரப்பிவச்சா நாங்க எங்க நடக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே வலைமேல் நடந்துவிட்டார். ஷூ கயிற்றில் கண்ணி மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. தாத்தா ஒன்றும் சொல்லாமல் அவர் காலடியில் மண்டிபோட்டு உட்கார்ந்து, நூல் அறாமல், கயிறும் அறாமல், ஒவ்வொரு கண்ணியாக விடுவித்தார். அவ்வளவு நேரமும் அந்த மனிதர் மேலே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது சின்ன வயது. ஓடிப்போய்த் தாத்தாவை எழுப்பிவிட வேண்டும் போல இருந்தது. தாத்தா அந்தக் கரையில் பிறந்தவர். அடையாற்று முகத்துவாரத்து உடைந்த பாலம் உடையாத காலத்தில், 1977க்கு முன்னால், அதன்மேல் நடந்தே ஆற்றைத் தாண்டி சீனிவாசபுரம் போனவர். 2004 சுனாமியில் வலை, கட்டுமரம் எல்லாம் போனபிறகும் அதே மரத்தடிக்குத்தான் திரும்பி வந்தார். காற்று முகத்தில் பட்டதும் வாடைக் காற்றா, கச்சான் காற்றா என்று சொல்லி, இன்று கடலுக்குப் போகலாமா என்று முடிவு செய்பவர். கடற்கரையை அழகுபடுத்தப் போகிறோம் என்று யார் வரைபடம் கொண்டுவந்தாலும் வலை காயும் இடம் அதில் வெற்றிடமாகத்தான் இருக்கும். அது வெற்றிடம் இல்லை சார்.

மரங்களோடு

வர்தா புயல் அடித்தது 2016 டிசம்பர் 12. மறுநாள் எங்கள் தெருவில் இயல்வாகை மரம் ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது, அடியில் இஸ்திரி வண்டி நொறுங்கியிருந்தது. இஸ்திரிக்காரர் வந்தார். வண்டியைப் பார்க்கவே இல்லை. மரத்தைச் சுற்றி நடந்து, வேர் பெயர்ந்த பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி வாங்கிடலாம். இனிமே எந்த நிழல்ல நிக்கிறது?" என்று கேட்டார். ரம்பத்தோடு நின்றவர்களும் பதில் சொல்லவில்லை.

அதனால்தான் யார் கன்று நடப்போகிறேன் என்று சொன்னாலும் நான் குறுக்கே புகுந்து பேசிவிடுவேன். கடல் காற்று படும் இடத்தில் சீக்கிரம் வளர்வதையே நடாதீர்கள். குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி மூன்றும் நன்றாகத்தான் பூக்கும், நன்றாகத்தான் நிழல் தரும். ஆனால் சுற்றிலும் சிமென்ட் பூசிய ஒரு முழ இடத்தில் அவற்றின் வேர் ஆழம் போகாமல் மேலோடியே நிற்கும், புயலில் பொத்தென்று சாயும். புன்னை, பூவரசு, புங்கன், வேம்பு வையுங்கள். கடலுக்கு மிக அருகில் என்றால் புன்னையும் பூவரசும்தான், உப்புக் காற்றில் இலை கருகாது. மூன்றடிக்கு மூன்றடி குழி, ஆழமும் மூன்றடி. தோண்டியதும் கட்டட இடிபாடு வரும், அதை எடுத்துவிட்டு நல்ல மண்ணும் மக்கிய சாணமும் போடுங்கள். ஆவணி, புரட்டாசியில் நட்டால் வடகிழக்கு மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். கூண்டு வைத்தால் மரம் பருக்கும்போது கழற்ற மறக்காதீர்கள், கம்பி தண்டை அறுத்த மரங்கள் நம் தெருக்களில் நிறைய. மழைக்காலத்துக்கு முன் கிளையைக் கழிக்கும்போது ஒரே பக்கம் வெட்டாதீர்கள், பாரம் சாய்ந்துவிடும். ஆணி அடித்து டியூஷன் போர்டு மாட்டுகிறவர்களிடம் நேராகப் போய்ப் பேசுங்கள், பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். கரையில் வரிசையாகச் சவுக்கு நடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஆமை முட்டையிடும் மணலுக்கு அது நல்லதில்லை.

ராத்திரி நடை

ஆமை என்று வந்துவிட்டதால் எழுதுகிறேன். மாணவர்களோடு சேர்ந்து நடப்பவர்களில் நானும் ஒருத்தி. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலிலேயே இரவு நடை. 1988லிருந்து மாணவர்கள் கைமாற்றிக் கைமாற்றிச் செய்துவரும் வேலை இது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வாக்கில் பங்குனி ஆமை கரையேறும், ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். நாயிடமிருந்தும் வெளிச்சத்திடமிருந்தும் காப்பாற்ற எடுத்துவந்து பொரிப்பகத்தில் புதைப்போம். நம் கண்ணில் படாத குழி ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும்.

அப்படி ஒரு குழி ஒரு இரவு தானாகவே பொரிந்தது. குஞ்சுகள் வெளிச்சம் எங்கே அதிகமோ அங்கேதான் போகும். இருட்டுக் கரையில் அது கடல், நம் கரையில் அது ரோடு. சுண்டல் விற்கும் ஒரு அண்ணன்தான் முதலில் பார்த்தார். தன் விளக்கை அணைத்தார். பக்கத்துப் பஜ்ஜிக் கடை, பலூன் சுடும் கடை, ஒவ்வொன்றாக ஓடி ஓடி "ஆமைக்குட்டி வந்திருக்கு, அணைங்க" என்று சொன்னார். எல்லோரும் அணைத்தார்கள், வியாபார நேரத்தில். மேலே ஒரு உணவு விடுதியின் பெரிய விளக்கு மட்டும் அணையவில்லை. மேனேஜரிடம் கேட்க வேண்டும் என்றார்கள். மேனேஜர் வரும்வரை அந்த அண்ணன் தன் தள்ளுவண்டியின் தார்ப்பாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, அந்த விளக்குக்கும் குஞ்சுகளுக்கும் நடுவே நின்றார். குஞ்சுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் பக்கம் திரும்பின.

ஓய்வூதியர் ஐயா, உங்கள் நோட்டில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். கடல் பக்கம் பார்த்து நிற்கும் விளக்குகளுக்கு மூடாக்கு வேண்டும், அல்லது பருவம் முடியும்வரை இரவு அணைக்க வேண்டும். குஞ்சைப் பார்ப்பவர்களுக்கும் ஒன்று: வாளியில் போட்டுத் தண்ணீரில் கொட்டாதீர்கள். மணலில் அதுவே ஊர்ந்து போகட்டும். நாங்கள் செய்வது வனத்துறை அனுமதியோடு. முட்டை எடுப்பதும் செல்ஃபிக்காகத் தூக்குவதும் சட்டப்படி குற்றம்.

ஆலமரத்துப் பக்கம்

என்னுடையது சின்னது. பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தைப் பார்க்க என் அண்ணன் மகளைக் கூட்டிப்போனேன். விழுதுகளுக்கு நடுவே ரொம்ப நேரம் சுற்றிவிட்டு "இதுல அம்மா மரம் எது சித்தப்பா?" என்று கேட்டாள். அடிமரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது என்றேன். "அப்ப இதெல்லாம் யாரைப் பிடிச்சிட்டு நிக்குது?" என்றாள். அங்கே பெருக்கிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தை ஊன்றி நின்று, என்னைப் பார்த்து, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார். எனக்கு வாய் வரவில்லை.

இந்திரா நகர் ஓய்வூதியர்

ஊரூர்ப் பையன் எழுதியதைப் படித்தேன். விளக்கு விஷயத்தை நோட்டில் எழுதிவிட்டேன், வரும் கூட்டத்தில் படிப்பேன். பூட்டு விஷயத்தில் என் கேள்விகள் அப்படியே இருக்கின்றன. மதியக் காவலுக்கு இன்னொரு ஆள் கிடைத்தால் திறப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சம்பளத்துக்கு வழி சொல்லுங்கள், நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன்.

ஊரூர்ப் பையன்

எங்கள் தெருவில் வேலை தேடும் அக்காக்கள் இருக்கிறார்கள் சார். கூட்டம் எப்போது என்று போடுங்கள், ரெண்டு பேரைக் கூட்டிவருகிறேன்.

வால்மீகி நகர் அக்கா

மரங்களோடு, ஒரு சந்தேகம். அடும்பை நாமே நட்டு வளர்க்க முடியுமா? எங்கள் பக்கம் மணல் மொட்டையாகக் கிடக்கிறது.

மரங்களோடு

முடியும் அக்கா. விதை தேட வேண்டாம், கொடி ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். நான்கைந்து கணு உள்ள துண்டாக வெட்டி, இரண்டு கணு மணலுக்குள் போகும்படி படுக்கவைத்துப் புதையுங்கள். நல்ல செழிப்பான கொடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள், ஒரே இடத்தை மொட்டையடிக்காதீர்கள். மழை தொடங்கும் சமயம் சரியான நேரம். அலை ஏறும் கோட்டுக்கு மேலே வையுங்கள், வலை காயும் இடத்தை விட்டுவிடுங்கள். அந்தப் படகுப் பக்கத்துப் பெரியவரைத் தேடிப்பிடித்துக் கேட்டால் எந்த இடத்தில் நிற்கும் என்று என்னைவிட நன்றாகச் சொல்வார்.