‘நாட் நைஸ்’ என்றால் என்ன? அவசரம், நாளை காலைக்குள் வேண்டும்

ஒத்திகை_டீச்சர் (இரவு 8.50)
‘தி லெட்டர் வாஸ் நாட் நைஸ்’. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘கடிதம் நன்றாக இல்லை’ என்று எழுதினேன், அந்த இடத்தில் உட்காரவில்லை. ‘கடிதம் இனிமையாக இல்லை’ என்றும் போட்டுப் பார்த்தேன், அதுவும் ஒட்டவில்லை. கைப்பேசியில் இருக்கும் அகராதியில் ‘நல்ல, இனிய, இதமான’ என்றுதான் வருகிறது. நாளை காலை எட்டு மணிக்குத் தாளைக் கையில் கொடுத்தாக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கோப்புக்கட்டு (8.58)
ஆபீஸ் கடிதமா மேடம்? யார் யாருக்கு எழுதியது? மேலதிகாரி கீழே இருப்பவரைப் பற்றி எழுதியிருந்தால் ‘கடிதத்தின் தொனி சரியில்லை’ என்று போடுங்கள். வெளியாள் அனுப்பிய புகாராக இருந்தால் ‘கடிதத்தில் மரியாதைக் குறைவு தெரிகிறது’ என்று எழுதலாம். தபால் பிரிவில் ரொம்ப வருடம் இருந்தவன் நான். இந்த மாதிரி வரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் கடிதத்தின் தேதியைச் சொல்லுங்கள்.

தாமிரபரணி (9.03)
முழு வாக்கியமும் எங்கே? முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது, எந்தக் காலத்து எழுத்து என்று எதையும் நீங்கள் சொல்லவில்லையே. ‘நைஸ்’ இன்று ஒரு மாதிரி, நூறு வருடம் முன்னால் வேறு மாதிரி. வாக்கியத்தை முழுதாகப் போடுங்கள் டீச்சர்.

வேர்க்கிழங்கு (9.07)
‘நைஸ்’ என்பது நம்முடைய ‘நயம்’ ஆங்கிலத்துக்குப் போனதுதான். நயம் என்றால் இனிமை, நேர்த்தி, பண்பு. நயமான பேச்சு, நயமான துணி, நயம் சரக்கு. ஆங்கிலத்தில் நைஸ் என்பதும் இதே மூன்றும்தானே? ஓசையும் ஒன்று, பொருளும் ஒன்று. அதனால் ‘கடிதம் நயமாக இல்லை’ என்று எழுதுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

கடற்கரைக்காற்று (9.11)
பிரான்ஸில் அந்தப் பெயரில் அழகான கடற்கரை ஊர் ஒன்று இருக்கிறது. பிஸ்கட்டுக்குக்கூட அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். சொல்லும் அந்த ஊரிலிருந்து வந்ததுதானே?

சொல்லேர் (9.20)
இங்கே பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல்லை மட்டும் கிள்ளி எடுத்து வந்து அர்த்தம் கேட்காதீர்கள். சொல்லுக்கு வயது உண்டு, அந்த வயது தெரியாமல் மொழிபெயர்க்க உட்காரக்கூடாது. இது பாலபாடம்.

முதலில் அந்த ஊர். எழுத்து ஒன்றாக இருந்தாலும் அதன் பெயரை ‘நீஸ்’ என்றுதான் சொல்ல வேண்டும். கிரேக்கர்கள் வைத்த ‘நிகாயா’ என்ற பெயரிலிருந்து வந்தது. நிகே என்றால் வெற்றி. இந்தச் சொல்லோடு அதற்கு உறவே கிடையாது.

‘நயம்’ என்பதும் இல்லை. ‘நைஸ்’ வந்தது லத்தீன் ‘நெஸ்கியுஸ்’ என்ற சொல்லிலிருந்து. ‘நெ’ என்றால் இல்லை, ‘ஸ்கிரே’ என்றால் அறிதல். ஆக, அறியாதவன். அதே ‘ஸ்கிரே’தான் ‘சயின்ஸ்’ என்ற சொல்லுக்கும் தாய். பழைய பிரெஞ்சில் ‘நிஸ்’ என்றால் மூடன், மந்தமானவன். 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அதே பொருள்தான். அன்றைக்கு ஒருவரை ‘நைஸ்’ என்றால் முட்டாள் என்று திட்டியதாக அர்த்தம்.

அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. மூடத்தனம், பிறகு ஒழுக்கக்கேடு, பிறகு கூச்சம், எதையும் நொட்டை சொல்லும் குணம், நுணுக்கம், துல்லியம் என்று போய், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் ‘இனிய’ என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1755-இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் அகராதியைத் திறந்தால் முதல் பொருளே ‘மிக நுண்ணிய அளவுக்குச் சரியாகக் கணிக்கும்’ என்பதுதான். ஆக, கைப்பேசி அகராதியை வைத்துக்கொண்டு பழைய நூலைத் தொடாதீர்கள்.

வேர்க்கிழங்கு (9.26)
ஐயா, லத்தீன்காரன் அந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தான் என்று கேட்டால் பதில் இருக்கிறதா?

தாமிரபரணி (9.29)
இருக்கிறது. ‘நெ’, ‘ஸ்கிரே’ இரண்டும் லத்தீனிலேயே தனித்தனியாகப் புழங்கிய சொற்கள். இன்னொன்றையும் யோசியுங்கள். நயம் என்பதிலிருந்து வந்திருந்தால் தொடக்கத்திலேயே இனிமை என்ற பொருள் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆங்கிலத்தில் அந்தப் பொருள் வர நானூற்றுச் சொச்சம் வருடம் ஆகியிருக்கிறது. இன்றைக்குப் பொருள் ஒத்துப்போவது தற்செயல்.

சொல்லேர் ஐயா, வரலாறு எல்லாம் சரி. ஆனால் டீச்சருடைய வரியில் எந்தப் பொருள் என்று நீங்களும் சொல்லவில்லை. அந்த ஏழெட்டில் எது?

சொல்லேர் (9.33)
வாக்கியத்தையே கொடுக்காதவருக்கு நான் எதை எடுத்துத் தருவது?

அரவைக்கூடம் (9.35)
எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் மாவு மில்லில் நாள் முழுக்கக் காதில் விழுகிற சொல் இது. ‘நைசா போடுங்கண்ணே’ என்றால் இடியாப்ப மாவுக்கு. ‘கொரகொரன்னு இருக்கட்டும்’ என்றால் புட்டுக்கு. மிஷினில் ஒரு முறை விட்டுப் பிடிக்கும் மாவை விரலில் தேய்த்தால் நறநற என்று இருக்கும். கல்லை இறுக்கி இரண்டாவது முறை விட்டால் விரல் ரேகையிலேயே ஒட்டிக்கொள்ளும், அதுதான் நைஸ். எழுத்தே தெரியாத கிழவிகூட இந்தச் சொல்லைச் சொல்கிறாள். இது எப்படி இங்கிலீஷாக இருக்கும்? ‘நைய அரைத்தல்’ என்பதிலிருந்து வந்திருக்காதா?

வேர்க்கிழங்கு (9.38)
அப்படிச் சொல்லுங்க அண்ணே! நை என்பது நல்ல பழைய தமிழ் வினை. துணி நைந்துபோயிற்று, நையப் புடைத்தான், சாதத்தை நையப் பிசைந்து குழந்தைக்கு ஊட்டினாள். நைய அரைத்தது நைசு. இதற்கு லத்தீன் எதற்கு?

சொல்லேர் (9.41)
தமிழ்ச் சொல் ‘ஸ்’ என்று முடியாது. இது ஆறாம் வகுப்புப் பையனுக்கே தெரியும்.

அரவைக்கூடம் (9.44)
‘ஸ்’ போடுவது படித்தவர்கள். எங்கள் பக்கம் ‘நைசு’தான். அரசு, முரசு, பரிசு எல்லாம் ‘சு’வில்தானே முடிகிறது?

ஒத்திகை_டீச்சர் (9.52)
மன்னிக்கவும், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு இப்போதுதான் வருகிறேன். இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள்.

ஆபீஸ் கடிதம் இல்லை சார். எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ரோமியோ ஜூலியட்டில் கொஞ்சம் காட்சிகளைத் தமிழில் போடுகிறோம். ‘லெட்டர்’ என்றதும் எல்லாருக்கும் புரியும் என்று நினைத்துவிட்டேன். துறவி லாரன்ஸ் பேசுவது. முழு வரி: ‘தி லெட்டர் வாஸ் நாட் நைஸ், பட் ஃபுல் ஆஃப் சார்ஜ், ஆஃப் டியர் இம்போர்ட்’. ‘டியர்’ என்பதற்கு ‘அன்பான’ என்று போட்டிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் பேச வேண்டிய வசனம், நீளமாக இருந்தால் திணறுவான்.

தாமிரபரணி (10.04)
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும் டீச்சர். பரவாயில்லை.

காட்சியை நினைத்துப் பாருங்கள். ஐந்தாம் அங்கம், இரண்டாம் காட்சி. ஜூலியட் செத்தவள்போல் தூங்கப்போகிறாள் என்ற உண்மையை எழுதி, மாண்டுவாவில் இருக்கும் ரோமியோவுக்குக் கொடுத்தனுப்பிய கடிதம் அது. கொண்டுபோன துறவி ஜான், துணைக்கு இன்னொரு துறவியைத் தேடிப் போகிறார். அந்தத் துறவி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொள்ளைநோய் கண்ட வீட்டில் இவர்கள் இருந்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டு, நோய் சோதிக்கும் ஊர் அதிகாரிகள் கதவை அடைத்து முத்திரை வைத்துவிடுகிறார்கள். நோய்க்குப் பயந்து, கடிதத்தைத் திருப்பி எடுத்துவரக்கூட ஆள் கிடைக்கவில்லை. ஜான் வந்து இதைச் சொல்லும்போது லாரன்ஸுக்கு ரத்தம் உறைந்துபோகிறது. அப்போது வரும் வரிதான் இது. அந்த இடத்தில் நின்று எந்த மனிதராவது ‘கடிதம் இனிமையாக இல்லை’ என்பாரா? உங்களுக்கு ஒட்டவில்லை என்று தோன்றியது ரொம்பச் சரி.

இங்கே ‘நைஸ்’ என்றால் அற்பமான, ஒன்றுமில்லாத என்று பொருள். மூடத்தனம் என்ற பழைய பொருளிலிருந்து ‘பொருட்படுத்தத் தேவையில்லாதது’ என்ற கிளை ஒன்று வந்தது, அதுதான் இது. ‘சார்ஜ்’ என்பதும் இன்றைய சார்ஜ் இல்லை. அதன் வேர் வண்டியில் ஏற்றும் சுமை, ஆகவே கனம் நிறைந்தது. ‘டியர்’ என்பதை ‘அன்பான’ என்று போட்டால் வரியே கெட்டுவிடும். அந்தக் காலத்தில் அதற்குக் கடுமையான, கனத்த என்றும் பொருள் உண்டு. ஆக:

‘அது அற்பக் கடிதம் அல்ல. கனத்த சேதி அதில் இருந்தது.’

அடுத்த வரியையும் விட்டுவிடாதீர்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் பெரிய ஆபத்து நேரும் என்கிறார். பையன் அந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் சபைக்குப் பயம் பிடிக்கும்.

வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. இதே நாடகத்தின் மூன்றாம் அங்கம் முதல் காட்சியில் தெருச்சண்டை முடிந்து ரோமியோவின் நண்பன் பென்வோலியோ இளவரசரிடம் நடந்ததைச் சொல்கிறான். சண்டை எவ்வளவு ‘நைஸ்’ என்று யோசித்துப் பார்க்கும்படி ரோமியோ, ஜூலியட்டின் உறவினன் டைபால்ட்டிடம் கெஞ்சினான் என்கிறான். சண்டை எப்படி இனிமையாக இருக்கும்? எவ்வளவு அற்பமான காரணத்துக்காக என்று பொருள். ஒரே நாடகத்தில் இரண்டு இடம், இரண்டிலும் ஒரே அர்த்தம். நாடகம் முதலில் அச்சானது 1597. சொல்லேர் ஐயா சொன்ன கணக்குப்படி ‘இனிய’ என்ற பொருள் பிறக்க இன்னும் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் இருக்கிறது.

கோப்புக்கட்டு (10.09)
நாடகமா! நான் யாரோ வேலையிடத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று கவலைப்பட்டுவிட்டேன். ‘அற்பக் கடிதம்’ நன்றாக இருக்கிறது. ‘சாதாரணக் கடிதம் அல்ல’ என்றால் பையன் வாயில் இன்னும் சுலபமாக வரும் மேடம்.

சொல்லேர் (10.13)
தாமிரபரணி சொன்னது சரி. நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். ஒன்று சேர்க்கிறேன். ஒரு சொல் தாழ்விலிருந்து உயர்ந்தால் உயர்பொருட்பேறு, உயர்விலிருந்து தாழ்ந்தால் இழிபொருட்பேறு. ஆங்கிலத்தில் ‘சில்லி’ நேர் எதிர்த் திசையில் போனது. பழைய ஆங்கிலத்தில் அது பாக்கியம் பெற்ற, மகிழ்ந்த என்ற பொருளில் தொடங்கி, கள்ளமில்லாத, பரிதாபத்துக்குரிய என்று இறங்கி, இப்போது அசட்டுத்தனத்தில் நிற்கிறது. நைஸ் ஏறியது, சில்லி இறங்கியது. நம்மிடம் ‘நாற்றம்’ இறங்கியது. கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ என்று ஆண்டாள் கேட்டது வாசனையை. ‘களிப்பு’ கள்ளின் மயக்கத்திலிருந்து மகிழ்ச்சிக்கு ஏறியது.

வேர்க்கிழங்கு (10.18)
நாற்றத்துக்கு ஆண்டாளைக் காட்டுகிற நீங்கள், நைசுக்கு மட்டும் ஏன் லத்தீனைக் காட்டுகிறீர்கள்? ‘நைசாக நழுவிவிட்டான்’, ‘நைஸ் பண்ணிக் காரியம் சாதித்தான்’ என்கிறோமே, இங்கிலீஷில் அந்தப் பொருள் உண்டா? கிடையாது. ‘நயமாகப் பேசி ஏமாற்றினான்’ என்பதில் இருக்கிறது. நயவஞ்சகம் என்ற சொல்லே அதற்குச் சாட்சி.

சொல்லேர் (10.21)
கடன் வாங்கிய சொல் வந்த இடத்தில் புதுப் பொருள் எடுப்பது சாதாரணம். இதைக்கூட விளக்க வேண்டுமா?

வேர்க்கிழங்கு (10.22)
விளக்க வேண்டாம், ஆதாரம் காட்டினால் போதும்.

தாமிரபரணி (10.30)
இருவரும் ஒரு நிமிடம். ஆங்கில ‘நைஸ்’ தமிழிலிருந்து போகவில்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நம் வாயில் இருக்கும் ‘நைசு’ வேறு கேள்வி, அதை ‘ஸ்’ என்ற ஒரே எழுத்தை வைத்துத் தள்ளிவிட முடியாது. எனக்குத் தோன்றுவது இது: ஆங்கிலச் சொல் இங்கே வந்து இறங்கியபோது, நையும் நயமும் ஏற்கெனவே அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தன. ஓசை ஒன்றாக இருந்ததால் மாவில் ‘நைய’ என்பதன் பொருளையும், பேச்சில் ‘நயம்’ என்பதன் பொருளையும் இது வாங்கிக்கொண்டது. அதனால்தான் நாம் சொல்லும் நைசும் ஆங்கிலேயர் சொல்லும் நைஸும் ஒன்றாகத் தெரிந்தும் ஒன்றாக இல்லை. ‘மாவு நைஸ்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் மாவு நல்ல மாவு என்றுதான் புரிந்துகொள்வார்கள், மெல்லிசாக அரைத்தது என்று தெரியாது.

அகராதி எழுதிய ஜான்சனே இந்தச் சொல்லின் வேரைத் தவறாகப் பிடித்தவர். மென்மை என்று பொருள்படும் பழைய சாக்ஸன் சொல் ஒன்றைக் காட்டியிருக்கிறார். அவரும் ஓசையும் பொருளும் ஒத்துப்போவதைப் பார்த்துத்தான் போயிருக்க வேண்டும். அதனால் வேர்க்கிழங்கு, நீங்கள் நயத்தை நினைத்ததை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

அரவைக்கூடம் (10.37)
இது மனதுக்குப் பொருந்துகிறது சார். நாளைக்கு மில்லுக்கு வரும் வயதானவர்களிடம் மிஷின் வருவதற்கு முன்னால், உரலில் இடித்த காலத்தில் என்ன சொல்வார்கள் என்று கேட்கிறேன். சலித்த மாவுக்கு அப்போதும் ஒரு பெயர் இருந்திருக்குமே.

ஒத்திகை_டீச்சர் (மறுநாள் மாலை 5.15)
எல்லாருக்கும் நன்றி. ‘அது சாதாரணக் கடிதம் அல்ல. கனத்த சேதி அதில் இருந்தது. போய்ச் சேராவிட்டால் பெரிய ஆபத்து.’ இப்படி வைத்தேன். பையன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான், ஒத்திகையில் பின்னால் நின்ற பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ‘டியர்’ விஷயம் சொல்லாமல் விட்டிருந்தால் ‘அன்பான சேதி’ என்றே மேடையில் போயிருக்கும்.

தாமிரபரணி (5.40)
சந்தோஷம் டீச்சர். தெருச்சண்டைக் காட்சியும் போடுகிறீர்களா? பென்வோலியோ பேச்சில் அந்தச் சொல்லுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

அரவைக்கூடம் (இரவு 7.20)
கேட்டுவிட்டேன். ஒரு பாட்டி, ‘பூவாட்டம் மாவு’ என்பார்களாம். இன்னொருவர் ‘மையா அரைக்கிறது’ என்றார், ஆனால் அது அம்மியில் அரைக்கும் ஈர மசாலாவுக்கு. இரண்டு பேருமே ‘நைசு’ மில் வந்த பிறகு கேட்ட சொல் என்கிறார்கள். வேர்க்கிழங்கு தம்பி, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வேர்க்கிழங்கு (7.48)
இரண்டு பேரை வைத்து முடிவு கட்ட முடியாது அண்ணே. எந்த ஊர்க்காரர்கள், என்ன வயது?