ஒலிவியா கைப்பிடித்தது யாரை?

கடைசிவரிசை:
ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ முடிவு எனக்கு ஒட்டவே இல்லை. கப்பல் உடைந்து இல்லிரியாவில் கரையேறும் வயோலா, சிசாரியோ என்று ஆண் வேடம் போட்டு ஒர்சினோ பிரபுவிடம் வேலைக்குச் சேர்கிறாள். அவன்மேல் காதலும் வந்துவிடுகிறது. அவனோ, தான் காதலிக்கும் ஒலிவியாவிடம் அவளையே தூது அனுப்புகிறான். ஒலிவியா, தூது வந்த ‘பையனிடம்’ மனதைப் பறிகொடுக்கிறாள். கடைசியில், கடலில் செத்ததாக நினைத்த வயோலாவின் இரட்டைச் சகோதரன் செபாஸ்டியன் வர, சிசாரியோ என்று நம்பி அவனைப் பாதிரியார் முன்னால் கைப்பிடிக்கிறாள். சரி, சிரிக்கலாம். இதைப் போய்க் காதல் கைகூடியது என்கிறார்களே!

திண்ணைவாசி:
இன்பியல் நாடகத்திடம் போய் வழக்குப் பேசுகிறீர்கள். இரட்டையர் குழப்பம் நாடகாசிரியர் பிளாட்டஸ் காலத்துப் பண்டைய ரோமிலேயே பழைய சரக்கு. முதல் சந்திப்பு முடிந்ததும் ஒலிவியா எதையெல்லாம் அடுக்குகிறாள்? நாக்கு, முகம், அங்கங்கள், நடத்தை, மனத்திடம். முகமும் அங்கங்களும் செபாஸ்டியனிடம் அப்படியே இருக்கின்றன. பாதிக் காதல் தேறிவிட்டதே?

கடைசிவரிசை:
அந்தப் பட்டியலில் முதலில் வருவது நாக்கு ஐயா. ‘உங்கள் வாசலில் குடிசை போட்டு, குன்றெல்லாம் எதிரொலிக்க உங்கள் பெயரைக் கூவுவேன்’ என்று வயோலா பேசிய பேச்சில்தான் அவள் விழுந்தாள். செபாஸ்டியன் அப்படி ஒரு வரியாவது பேசினானா? குட்டு உடைந்ததும், ‘உங்களுக்கு ஆள் மாறிவிட்டது, இயற்கை சரியாகத்தான் இழுத்துவந்திருக்கிறது’ என்று சமாதானம் சொல்வதும் மாப்பிள்ளைதான். ஒலிவியா அதற்குப் பதிலே சொல்வதில்லை. அடுத்து அவள் வாய் திறப்பது, காரியஸ்தன் மால்வோலியோவைக் கூட்டிவரச் சொல்ல.

மூலைவிளக்கு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 1602 பிப்ரவரி 2 அன்று லண்டன் மிடில் டெம்பிள் என்ற சட்டக் கழகத்தில் இந்த நாடகத்தைப் பார்த்த சட்ட மாணவர் ஜான் மேனிங்ஹாம், நாட்குறிப்பில் ரசித்து எழுதியது இந்தக் காதலை அல்ல. எஜமானிக்குத் தன்மேல் ஆசை என்று பொய்க் கடிதத்தால் மால்வோலியோவை நம்பவைத்த கதையைத்தான். நம் ஊரில் 1949இல் ‘கன்னியின் காதலி’ படமாக வந்தபோது மாதுரிதேவியே இரட்டையர் இருவர் வேடமும் போட்டார். அங்கே முகம் ஒன்றேதான், மேடையில் இரண்டு பேர். அதனால்தான் மேடையில் ஒலிவியா ஏமாறுவது நமக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது.

திண்ணைவாசி:
ஒலிவியா விஷயத்தை விட்டுத்தருகிறேன். வயோலாவின் காதல் அசல்தானே? ஒர்சினோவும் மூன்று மாதம் கூடவே இருந்து பழகியவன்.

கடைசிவரிசை:
அவள் காதல் அசல்தான், மறுக்கவில்லை. அவனை நம்பத்தான் மனம் வரவில்லை. ஒலிவியா கைவிட்டுப் போனதும் சிசாரியோவைக் கொன்றுவிடுவதாக மிரட்டியவன், பெண் என்று தெரிந்ததும் அதே காட்சியில் கையை நீட்டுகிறான். கடைசிவரை அவளை ‘சிசாரியோ’ என்றுதான் கூப்பிடுகிறான். பெண் உடையில் வந்தால்தான் அவள் அவனுக்கு ராணியாம். அந்த உடை எந்தக் கப்பல் தலைவனிடம் இருக்கிறதோ, அவன் சிறையில் கிடக்கிறான். வழக்குப் போட்டவன் மால்வோலியோ. அவனோ எல்லாரையும் பழிவாங்குவேன் என்று கத்திவிட்டு வெளியேறிவிட்டான். சமாதானம் பேசி அழைத்து வர பிரபு ஆள் அனுப்புகிறார். அவன் திரும்பி வந்தானா என்று நாடகம் சொல்லவில்லை.