நாலு காலுக்கு நாற்பது காகிதம்: குதிரையோடு எல்லை தாண்டிய அனுபவங்கள்

நியூமார்க்கெட் பக்கத்திலிருந்து:

அடுத்த மாதம் இங்கிலாந்தில் உள்ள எங்கள் லாயத்துக் குதிரை ஒன்றைப் பிரான்சுக்குத் தடை தாண்டும் போட்டிக்குக் கூட்டிப் போகிறேன். எனக்கு இது இரண்டாவது பயணம். முதல் தடவை பட்ட பாட்டை எழுதிவைக்கிறேன். உங்களுக்கும் இந்த மாதிரி நடந்திருந்தால் சொல்லுங்கள், எனக்கு உதவும்.

இங்குள்ள பழைய ஆட்கள் 2020 வரை இருந்த காலத்தை நினைத்து இன்னும் பெருமூச்சு விடுவார்கள். பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் மூன்றுக்கும் முத்தரப்பு உடன்பாடு இருந்ததால், பந்தயக் குதிரைகள் பக்கத்து ஊருக்குப் போவதுபோலப் போய் வந்தனவாம். 2021 ஜனவரி 1 முதல் எல்லாம் மாறிவிட்டது. குதிரையின் அடையாளப் புத்தகமான பாஸ்போர்ட் மட்டும் போதாது. அரசு அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட ஏற்றுமதி நலச் சான்றிதழ் வேண்டும். ரத்தப் பரிசோதனை வேண்டும். எல்லைச் சோதனைச் சாவடி உள்ள துறைமுகம் வழியாகத்தான் உள்ளே போக முடியும். சுங்கத்துக்குத் தனிக் காகிதம்.

ரத்தம் எடுப்பது குதிரைத் தொற்று ரத்தசோகைக்காக. குதிரை ஈ கடித்துப் பரவும் வைரஸ், வந்தால் மருந்து கிடையாது. 90 நாளுக்குள் திரும்பி வரும் குதிரை என்றால் புறப்படுவதற்கு முந்தைய 90 நாளுக்குள் ரத்தம் எடுத்திருந்தால் போதும். அதற்கு மேல் தங்கும் அல்லது அங்கேயே போய்விடும் குதிரை என்றால் 30 நாளுக்குள். பொலிகுதிரையாக, அதாவது காயடிக்காத ஆண் குதிரையாக இருந்தால் இன்னொரு வைரஸுக்கும் பரிசோதனை உண்டு, அதற்கு 21 நாள்தான். எங்களுடையது காயடித்தது, அந்தத் தொல்லை இல்லை என்று நினைத்தோம்.

தொல்லை அங்கேதான் வந்தது. சான்றிதழ் என்பது பல பக்கம். நம் குதிரைக்குப் பொருந்தாத வரிகளை மருத்துவர் கோடு போட்டு அடிக்க வேண்டும். அடித்த ஒவ்வொரு இடத்திலும் சுருக்கொப்பமும் முத்திரையும் வேண்டும். பொலிகுதிரைக்கான பத்தியை அடித்திருந்தார், ஆனால் ஒரே ஓர் இடத்தில் முத்திரை விட்டுப்போயிருந்தது. நான் பத்துத் தடவை பார்த்தும் கண்ணில் படவில்லை. கப்பல் ஏறும் டோவர் துறைமுகத்துக்கு முன்னால் டீ குடிக்க நிறுத்தியபோது லாரி ஓட்டும் பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். “இதோடு கலேக்குப் போனால் நம்மை அப்படியே திருப்பி அனுப்புவான்” என்றார். லாரியைத் திருப்பினோம். மருத்துவரைக் கண்டுபிடித்து முத்திரை வாங்கித் திரும்புவதற்குள் கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலில் ஏறலாம் என்றால், நாம் வருகிறோம் என்று எல்லைச் சாவடிக்கு ஒரு நாள் முன்பே இணையத்தில் அறிவித்திருக்க வேண்டும். நேரம் மாறியதால் அதையும் மாற்ற வேண்டியிருந்தது. குதிரை என்னவோ வைக்கோலை மென்றுகொண்டு நிம்மதியாக நின்றது.

பிரான்சுப் பக்கத்துத் துறைமுகமான கலேயில் காகிதத்தைப் பார்த்தார்கள். அப்புறம் ஸ்கேனரைக் கழுத்தின் இடப்பக்கம் பிடரிக்குக் கீழே ஓட்டி, உடம்புக்குள் வைத்திருக்கும் சிப்பின் 15 இலக்க எண்ணைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டார்கள். ஒரு மருத்துவர் குதிரையைப் பார்த்தார். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பார்க்காதது திரும்பும்போது நடந்தது. குதிரையை விற்கப் போகவில்லை, கூட்டி வந்துவிடுவோம் என்று சுங்கத்துக்கு உறுதி கொடுக்கும் ஆவணம் ஒன்று உண்டு, ஏ.டி.ஏ. கார்னே என்பார்கள். இங்கே வெளியேறும்போது ஒரு முத்திரை, அங்கே நுழையும்போது ஒன்று, அங்கே வெளியேறும்போது ஒன்று, இங்கே திரும்பும்போது ஒன்று. மூன்றாவதை விட்டுவிட்டு வந்தால் குதிரை இன்னும் பிரான்சில்தான் இருக்கிறது என்று கணக்கு. அதற்கு வரி கேட்டுக் கடிதம் வரும். நான் வரிசையில் நின்று அதை வாங்கிவிட்டேன். எனக்கு முன்னால் நின்ற ஒருவர், முந்தைய பயணத்தில் அதை விட்டுவிட்டு ஆறு மாதமாகக் கடிதப் போக்குவரத்து நடத்திக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

---

பெங்களூரிலிருந்து, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

தம்பி, மருத்துவரைக் குறை சொல்லாதீர்கள். அந்தச் சான்றிதழ்களை நிரப்பி நிரப்பிக் கை ஓய்ந்தவன் நான். இன்னொன்றும் சொல்கிறேன். ஐரோப்பியச் சான்றிதழில் கையெழுத்தும் முத்திரையும் அச்சின் நிறத்தில் இருக்கக் கூடாது. அச்சு கறுப்பு என்றால் நீல மையில் போட வேண்டும். அசலா நகலா என்று பார்த்தவுடன் தெரிவதற்காக.

நம் ஊரில் சுழி பார்த்துத்தான் குதிரை வாங்குவார்கள். நெற்றியில் ஒற்றைச் சுழியா இரட்டைச் சுழியா, எது ராசி, எது தோஷம் என்று வாதாடுவார்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் குதிரைப் படத்திலும் அதே சுழிதான். வெள்ளைக் குறிகளைச் சிவப்பு மையில் வரைய வேண்டும், சுழி உள்ள இடத்தில் கறுப்பு மையில் பெருக்கல் குறி போட வேண்டும். ராசிக்காக அல்ல, அடையாளத்துக்காக. வெள்ளைக் குறியே இல்லாத கறுங்குதிரைக்குச் சுழிதான் கைரேகை. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் சிப் கிடையாது, சுழியை மட்டும் நம்பித்தான் கையெழுத்துப் போட்டோம். நரியைப் பரியாக்கிக் கொண்டுவந்த அன்று பாண்டியன் வாசலில் யாராவது சுழி பார்த்திருந்தால் மாணிக்கவாசகர் பாடு இன்னும் திண்டாட்டம் ஆகியிருக்கும்.

சரி, நம் நாட்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு ஒரு முத்திரை விட்டுப்போனது பிரச்சினை. எங்களுக்கு நாடே பிரச்சினை. கிளாண்டர்ஸ் என்ற நோய் இங்கே அவ்வப்போது தலைகாட்டும். குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றும், மிகக் கொடியது. மாதிரி ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்துக்குப் போகும். முடிவு வரும்வரை உரிமையாளர் தினமும் போன் செய்வார். முடிவு நல்லதாக வந்தாலும், இந்தியா என்ற பெயரைப் பார்த்தாலே பல நாடுகள் நேரடியாகக் குதிரையை எடுத்துக்கொள்ளாது.

2023-இல் ஹாங்ஜோ ஆசியப் போட்டியில் டிரெசாஜ் என்ற, குதிரையை அழகாக நடைபோட வைக்கும் போட்டியின் அணிப் பிரிவில் நம் நாலு பேர் தங்கம் வாங்கினார்களே, குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தங்கம், அவர்கள் ஐரோப்பாவில் தங்கித்தான் பயிற்சி எடுத்தார்கள். குதிரைகளும் அங்கிருந்துதான் சீனாவுக்குப் பறந்தன. ஆள் இந்தியர், குதிரை ஐரோப்பாவில். திறமை இருந்தும், வெளிநாட்டில் லாய வாடகை கட்ட வசதி இல்லாத பையன்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

2025 ஜூலையில் மீரட் ராணுவக் குதிரை மையத்தில் ஓர் இடத்தை நோயற்ற வளாகமாக உலக விலங்கு நல அமைப்பு ஏற்றுக்கொண்டது. ஆப்பிரிக்கக் குதிரை நோய் நம் நாட்டில் இல்லை என்று 2014-இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இந்த வளாகத்தில் தொற்று ரத்தசோகை, இன்புளுவென்சா, பைரோபிளாஸ்மோசிஸ், கிளாண்டர்ஸ், சுர்ரா என்ற ஐந்து நோய்களும் இல்லை என்பதுதான் புதுச் செய்தி. அங்கே வைத்துத் தயார் செய்யும் குதிரை இனி இங்கிருந்தே போகலாம் என்று நம்பிக்கை. நான் பணியில் இருந்தபோது வந்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

---

நியூ ஜெர்சியிலிருந்து:

எங்கள் கதை சின்னது, செலவு பெரியது. மகளுக்காக ஜெர்மனியிலிருந்து ஒரு பெண் குதிரை வாங்கினோம். விலை பேசும்போதே தெரிந்தவர் ஒருவர் “காயடித்ததாகப் பாருங்கள்” என்றார். ஏன் என்று கேட்காமல் விட்டது என் தவறு.

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் இறங்கும் எந்தக் குதிரைக்கும் இரண்டு மூன்று நாள் தனிமைப்படுத்தலும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. காயடித்த குதிரைக்கு அத்துடன் முடிந்தது. பெண் குதிரைக்கும் பொலிகுதிரைக்கும், அதுவும் 731 நாளுக்கு மேல் வயதானால், இனச்சேர்க்கையில் பரவும் கருப்பை அழற்சி நோய் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். 731 என்ற எண்ணைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன், இரண்டு வருடமும் ஒரு நாளும். எங்களுடையதற்கு ஏழு வயது. விமான நிலையத்திலிருந்து அனுமதி பெற்ற வேறொரு லாயத்துக்குப் போய், மூன்று தடவை மாதிரி எடுத்து, மருந்து போட்டுக் கழுவி, ஏறக்குறைய இரண்டு வாரம் இருந்தது. பொலிகுதிரையாக இருந்தால் இரண்டு பெண் குதிரைகளோடு சேரவிட்டு, அவற்றுக்கும் பரிசோதனை செய்து, ஒரு மாதத்துக்கு மேல் ஆகுமாம். தினமும் லாய வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். மகள் காலண்டரில் நாள் அடித்துக்கொண்டிருந்தாள், நான் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

---

சிங்கப்பூரிலிருந்து:

கிராஞ்சி பந்தயத் திடலில் சைஸ் வேலை, அதாவது குதிரை பராமரிக்கும் வேலை பார்த்தவன் நான். அப்பாவும் அதே வேலைதான். 2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயம் ஓடியது. அப்புறம் குதிரைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அப்படி ஆஸ்திரேலியாவுக்குப் போன ஒரு கூட்டத்தோடு நானும் விமானத்தில் போனேன்.

விமானத்துக் குதிரைக்கு உட்காரும் சீட் கிடையாது, பெட்டிதான். ஒரு பெட்டியில் மூன்று குதிரை நின்றால் சாதாரண வகுப்பு, இரண்டு என்றால் பிசினஸ், தனியாக நின்றால் முதல் வகுப்பு. எங்களுடையவை எல்லாம் சாதாரண வகுப்பு. தலையை உயர்த்திக் கட்டி வெகுநேரம் வைத்தால் சளி இறங்காமல் நுரையீரலுக்குப் போய்க் காய்ச்சல் வந்துவிடும். அதனால் அவ்வப்போது கயிற்றைத் தளர்த்தித் தலையைக் குனிய விடுவதுதான் என் முழு வேலை.

ஏறுவதற்கு முன் இங்கே இரண்டு வாரம் தனிமை, அங்கே மெல்பர்ன் பக்கம் மிக்கல்ஹமில் இரண்டு வாரம் தனிமை. இங்கே தனிமையில் இருந்தபோது வேறு குதிரையைத் தொட்ட ஆள் உள்ளே வரக் கூடாது. என் நண்பன் சும்மா எட்டிப் பார்க்க வந்தான், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். அவனுக்கு இன்னும் கோபம்.

அந்த நாட்டின் கண்டிப்பைப் பற்றிப் பலர் கேலி பேசுவார்கள். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் குதிரைப் போட்டிகளை மட்டும் ஸ்டாக்ஹோமில் நடத்தினார்கள், ஆஸ்திரேலியா குதிரைகளை உள்ளே விடாததால். நானும் கேலி செய்தவன்தான். 2007-இல் சிட்னி பக்கத்துத் தனிமை நிலையத்திலிருந்து குதிரை இன்புளுவென்சா வெளியே போனது. பெரும்பாலும் அங்கே வேலை பார்த்தவர் உடம்போடோ சாமான்களோடோ போயிருக்கும் என்று விசாரணையில் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான குதிரைகளுக்குப் பரவி, சிட்னியில் அந்த வசந்தகாலப் பந்தயங்களே நின்றுபோயின. மிக்கல்ஹமில் என்னைக் குளித்து உடை மாற்றிய பிறகுதான் வெளியே விட்டார்கள். நான் முணுமுணுக்கவில்லை. 2020-இல் தாய்லாந்தில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் வந்து 500-க்கும் மேற்பட்ட குதிரைகள் செத்தபோது இங்கே லாயத்தில் கொசுவலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். கண்ணுக்கு எளிதில் தெரியாத குட்டிப் பூச்சி கடித்துப் பரவுவது அது.

விமானத்தில் மிச்சமான வைக்கோலைக் கீழே இறக்க விடமாட்டார்கள், அழித்துவிடுவார்கள். நல்ல வைக்கோல். மனசு கேட்கவில்லை.

---

கோவையிலிருந்து:

பாஸ்போர்ட்டில் இன்னொரு பக்கத்தை யாரும் சொல்லவில்லையே. இந்தக் குதிரை மனித உணவுக்குப் போகுமா போகாதா என்று ஒரு பகுதி இருக்கும். அயர்லாந்தில் வேலை பார்த்தபோது, வலி மருந்தாக ப்யூட் போட வந்த மருத்துவர் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டச் சொன்னார். அதைப் போட்ட குதிரை வாழ்நாள் முழுவதும் இறைச்சிக்குப் போகக் கூடாது, அங்கே கையெழுத்து வேண்டும். குதிரைக்கறி என்று கேட்டதும் எனக்கு வயிறு புரட்டியது. அவருக்கு அது வெறும் ஒரு கட்டம்.

---

நியூமார்க்கெட் பக்கத்திலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் ஐயா, மருத்துவரைக் குறை சொல்லவில்லை, என் கண்ணைத்தான் சொன்னேன். இந்தத் தடவை புறப்படும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுக்கிறார்கள். திரும்பி வருவதற்குப் பிரான்சு மருத்துவரின் சான்றிதழும் வேண்டுமே, அவருக்கும் இப்போதே நேரம் வாங்கிவிட்டேன். லாரி ஓட்டும் பெரியவர்தான் இந்தத் தடவையும் வருகிறார். கண்ணாடியை மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். நீல மைப் பேனா இரண்டு வாங்கிவிட்டேன்.