மண்ணீரல் கைக்குத் தட்டுப்படவில்லை, எங்கே தவறுகிறேன்?

இறுதியாண்டு மாணவன்:
நேற்று வார்டில் ஒரு அம்மாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு, “மண்ணீரல் தட்டுப்படவில்லை சார்” என்றேன். சார் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துத் தொப்புளுக்குப் பக்கத்தில் வைத்தார். கெட்டியாக ஒரு விளிம்பு! அத்தனை பெரிய மண்ணீரல். நான் இடது விலாவுக்குக் கீழேயே பத்து முறை அழுத்தியிருப்பேன். அங்கே எல்லாம் ஒரே மாதிரி கெட்டியாக இருந்ததால், வயிற்றை இறுக்கிக்கொள்கிறார் என்று நினைத்துவிட்டேன். அவர் முகம் சுளித்ததைக்கூடக் கவனிக்கவில்லை. ராத்திரி முழுக்க அது உறுத்தியது. சீனியர்கள் முறையைச் சொல்லித் தாருங்கள். இடது சிறுநீரகம் வீங்கினாலும் அங்கேதானே வரும், அதை எப்படிப் பிரிப்பது?

பொது மருத்துவம் பி.ஜி.:
தம்பி, நீ கை வைத்ததே மண்ணீரலின் மேல்தான். அதனால்தான் விளிம்பு கிடைக்கவில்லை. மண்ணீரல் பெரிதாகும்போது நேர் கீழே இறங்காது, தொப்புளைத் தாண்டி வலது அடிவயிற்றை நோக்கிச் சாய்வாக வளரும். அதனால் எப்போதும் வலது இலியாக் ஃபாஸாவில், அதாவது வலது அடிவயிற்று ஓரத்தில் ஆரம்பி. எதிர்பார்க்கிற நோய் எதுவானாலும் சரி.

கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு, உன் முன்கை வயிற்று மட்டத்துக்கு வரும்படி வைத்துக்கொள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள். எங்கே வலிக்கிறது என்று முதலில் கேட்டு, அந்த இடத்தைக் கடைசியில் தொடு. கண் நோயாளியின் முகத்தில் இருக்கட்டும், விரலைப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மூச்சை இழுக்கச் சொல்லும்போது கையை அசைக்காதே, தோண்டாதே. மண்ணீரல்தான் இறங்கி வந்து உன் சுட்டுவிரல் ஓரத்தில் முட்ட வேண்டும். மூச்சு விடும்போது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடது விலாவை நோக்கி நகர்த்து. முதல் மாதங்களில் நானும் மூச்சை இழுக்கும்போதே கையை நகர்த்திக்கொண்டிருந்தேன். எதுவும் கிடைக்காது.

விலா வரை போயும் கிடைக்காவிட்டால், வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, இடது கையை விலாக்கூட்டின் பின்னால் கொடுத்து இன்னொரு தடவை பார். இரண்டு மூன்று மடங்கு பெரிதானால்தான் மண்ணீரல் கைக்கே வரும் என்பதையும் மறந்துவிடாதே.

சிறுநீரகம் முதுகுப்பக்க உறுப்பு. ஒரு கையை முதுகுக்கு அடியில் கொடுத்து மேலே தள்ளினால், வயிற்றின் மேல் வைத்த கைக்கு வந்து மோதும். அதற்கும் விலாவுக்கும் நடுவே விரல் நுழையும், மண்ணீரலுக்கு மேலே நுழையாது. தட்டினால் மண்ணீரல் மந்தமாக ஒலிக்கும். சிறுநீரகத்துக்கு முன்னால் குடல் கிடப்பதால் அங்கே பெரும்பாலும் காற்றொலிதான். ஆனால் நான் அதிகம் நம்புவது மண்ணீரலின் உள்விளிம்பில் இருக்கும் நாட்ச் என்ற பள்ளத்தைத்தான். அது விரலில் பட்டுவிட்டால் சந்தேகமே இல்லை.

ஹவுஸ் சர்ஜன்:
அக்கா சொன்னது போதும், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தொடுவதற்கு முன் காஸ்டெல் இடத்தில் தட்டிப் பார். இடது முன் அக்குள் கோட்டில் (அக்குளின் முன்மடிப்பிலிருந்து நேர் கீழே இறங்கும் கோடு) கடைசி விலா இடைவெளி. ஆழமாக மூச்சை இழுக்கும்போதும் காற்றொலி மாறாமல் இருக்க வேண்டும், மந்தமானால் மண்ணீரல் பெரிதாக இருக்கலாம். வயிறு நிறையச் சாப்பிட்டவரிடம் இது ஏமாற்றும். இன்னொன்று, காய்ச்சலும் தொண்டைவலியும் கழுத்தில் நெறிகட்டியும் வருகிற இளவயதுக்காரரை அழுத்தி அழுத்திப் பார்க்காதே. அது மோனோநியூக்ளியோசிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருந்தால் மண்ணீரல் கிழியக்கூடும்.

இறுதியாண்டு மாணவன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. இன்று காலை அந்த அம்மாவிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். இன்னொரு தடவை பார்க்கலாமா என்றதும் அவரே சேலையைச் சரிசெய்துகொண்டு படுத்தார். வலது அடிவயிற்றிலிருந்து ஆரம்பித்தேன். நாலாவது மூச்சில் சுட்டுவிரலில் வந்து முட்டியது. விளிம்போடு மேலே போனால், விரல்நுனி பதிகிற அளவுக்கு ஒரு பள்ளம். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் ஒரு தடவைகூடச் சுளிக்கவில்லை.